ஷோகேஸில் இருந்த வெள்ளை ஒயின்

ஷோகேஸ் என்கிற சாமானைக் கண்டுபிடித்தவன் யாரென்று தெரிந்தால் நேரில் போய் நன்றாக நாலு கேள்வி கேட்டுவிட்டு வருவேன். எண்பதுகளில் தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரைக்கும் சொந்தமாக ஒரு ஹால் கட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் முதல் வேலையாகச் சுவரில் ஒரு ஷோகேஸ் பதித்தார்கள். சமையலறைக்கு ஒழுங்காக ஒரு ஜன்னல் இருக்காது, ஷோகேஸுக்குக் கண்ணாடிக் கதவும் உள்ளே ட்யூப்லைட்டும் இருக்கும். இரும்புலியூரில் எங்கள் வீடும் அப்படித்தான். மேல் தட்டில் எங்கள் கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி கிளாஸ் செட். அதில் ஒருவரும் ஒருநாளும் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அதன் கீழே தலையாட்டி பொம்மை, பிளாஸ்டிக் ஆப்பிள், என் வீட்டுக்காரருக்குக் கிண்டி கம்பெனியில் கொடுத்த கேடயம். கதவுக்கு ஒரு சின்னப் பூட்டு. சாவி அவருடைய கொத்தில் இருக்கும். நல்ல பொருள் என்றால் அது வந்தவர்கள் பார்ப்பதற்கு, நசுங்கின பொருள் என்றால் அது நாங்கள் புழங்குவதற்கு. இந்த நியாயத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் அந்த வீட்டில் குடித்தனம் நடத்தினேன்.

அக்கா ஜெர்மனியில் நர்ஸாக இருந்தாள். கூடப் பிறந்தவள் எனக்கு அவள் ஒருத்திதான். எங்கள் சர்ச்சிலிருந்து அந்தக் காலத்தில் நர்ஸ் வேலைக்கு அங்கே போன பெண்களோடு போனவள், அங்கேயே தங்கிவிட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊருக்கு வர லீவும் டிக்கெட்டும் ஒன்றாகச் சேர வேண்டும், அது லேசில் சேராது. எனக்குக் கல்யாணமான பிறகு அவள் முதல் தடவை வந்தது எண்பத்தாறிலோ எண்பத்தேழிலோ. மற்றவர்களுடைய அக்காக்கள் வெளிநாட்டிலிருந்து சென்ட்டும் சாக்லேட்டும் புடவையும் கொண்டுவந்தார்கள். என் அக்கா ஸ்வெட்டருக்குள் சுருட்டி இரண்டு பாட்டில் வெள்ளை ஒயின் கொண்டுவந்தாள். ஒல்லியாக, கழுத்து நீண்ட, பழுப்பு நிறப் பாட்டில்கள். லேபிளில் இருந்த பெயரை அவள் பலதடவை சொல்லிக்காட்டியும் என் வாயில் நுழையவில்லை.

ஒயின் எங்களுக்குப் புதிதில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அம்மா ஒரு ஜாடியில் பன்னீர் திராட்சையும் சர்க்கரையும் போட்டு வாயைத் துணியால் வேடு கட்டி வைப்பாள். கேக்கோடு ஆளுக்கு ஒரு சின்ன டம்ளர் கிடைக்கும். கருஞ்சிவப்பாக, இருமல் மருந்து மாதிரி தித்திக்கும். ஒயின் என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன். வெள்ளையில் ஒயின் உண்டு, அதைச் சோற்றோடு குடிப்பார்கள், எந்தக் குழம்புக்கு எந்த ஒயின் என்று பார்த்து எடுப்பார்கள் என்பதெல்லாம் அக்கா சொல்லித்தான் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் கம்பெனி வேலையாக வெளியூர் போயிருந்தார். ஆராதனை முடிந்து வந்ததும் நான் தேங்காய்ப்பால் சாதமும் மட்டன் குர்மாவும் செய்ய ஆரம்பித்தேன். கறியைக் காலையிலேயே தாம்பரம் மார்க்கெட்டில் வரிசையில் நின்று வாங்கியாயிற்று. கொழுப்போடு வெட்டச் சொல்லி வாங்கினேன். முந்திரி, கசகசா, தேங்காய் மூன்றையும் வெண்ணெயாக அரைத்து, பட்டை கிராம்பு ஏலக்காய் தாளித்து, பச்சை மிளகாயைக் கை நிறையப் போட்டு இறக்கும் குர்மா. எங்கள் அம்மா கை வழியாக எனக்கு வந்த குர்மா. அக்கா ஒரு பாட்டிலை எடுத்து வாளியில் நிற்கவைத்து, கயிற்றைப் பார்த்துப் பார்த்து விட்டுக் கிணற்றுத் தண்ணீரில் இறக்கினாள். இது சில்லென்று இருக்க வேண்டும், ஆனால் பல் கூசக் கூடாது என்றாள். அப்போது எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது.

எவர்சில்வர் டம்ளரை எடுத்தேன். அதில் ஊற்றினால் வாசனை தெரியாது, கண்ணாடி கிளாஸ் கொடு என்றாள். கண்ணாடி கிளாஸ் ஷோகேஸில் இருந்தது, சாவி வெளியூர் போயிருந்தது. என் வீட்டில், என் கல்யாணத்துக்கு வந்த கிளாஸை எடுக்க எனக்கு வழியில்லை என்று கூடப் பிறந்தவளிடம் சொல்ல வேண்டிவந்தது. கடைசியில் இரண்டு காலி ஜாம் பாட்டிலைக் கழுவி, அதில்தான் ஊற்றினோம். அக்கா ஷோகேஸை ஒருதடவை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

என் மூக்கைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் குரோம்பேட்டையில் ஓர் எசென்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தேன். பிஸ்கெட்டுக்கும் கலர் சோடாவுக்கும் போடுகிற ரோஜா எசென்ஸ், அன்னாசி எசென்ஸ் எல்லாம் அங்கே தயாராகும். புதிதாகச் செய்ததும் பழையதும் ஒரே வாசனைதானா என்று முகர்ந்து சொல்வது என் வேலை. பிடித்துச் செய்த வேலை. கல்யாணம் நிச்சயமானதும் மாப்பிள்ளை வீட்டார், எங்கள் வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போவதில்லை என்று ஒரே வார்த்தையில் விடச் சொன்னார்கள். ஏன் என்று கேட்க வேண்டிய என் அப்பாவும் கேட்கவில்லை.

ஜாம் பாட்டிலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் ரோஜா வந்தது. அதன் பின்னால் கமலா ஆரஞ்சுத் தோல், அதற்கும் பின்னால் லேசாக இஞ்சி. யாரோ எசென்ஸ் கலந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அக்கா சிரித்தாள். ஒன்றுமே கலக்கவில்லை, அந்தத் திராட்சையின் சுபாவமே அதுதான் என்றாள். ஒரு வாய் குடித்தேன். கொஞ்சம் தித்திப்பு, அப்புறம் வாயைக் கழுவிவிட்ட மாதிரி ஒரு சுத்தம். குர்மாவை ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டு மறுபடி குடித்தேன். நாக்கில் ஒட்டிக்கிடந்த கொழுப்பு நகர்ந்தது, பச்சை மிளகாயின் எரிச்சல் அடங்கியது, அதுவரைக்கும் அந்தக் குர்மாவில் எனக்குத் தெரியாமலே இருந்த ஏலக்காய் எழுந்து வந்தது. இத்தனை வருஷம் நானே சமைத்து, எல்லோருக்கும் போட்டுவிட்டு, ஆறிப்போனதைச் சட்டியோடு வழித்துச் சாப்பிட்டவள் நான். என் கைச் சமையல் என்ன ருசி என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அப்புறம் எனக்கு வேகம் வந்துவிட்டது. முதல் நாள் மீன் குழம்பு மிச்சம் இருந்தது, அதையும் வைத்துப் பார்த்தேன். சுத்தமாக ஒத்துவரவில்லை. புளியும் ஒயினும் முட்டிக்கொண்டு வாயெல்லாம் தகர வாசனை. புளிக்கு இது ஆகாது, தேங்காய்ப்பால், நெய், முந்திரி போட்டதோடு சேரும் என்று அக்கா சொன்னாள். கிறிஸ்துமஸுக்குச் செய்கிற வாத்துக் கறிக்குச் சேருமா, இறால் தொக்குக்கு எப்படி, வெறும் காய்கறிக் குர்மாவுக்கு எப்படி என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். அடுப்படித் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து ஒரு பாட்டிலைக் காலி செய்தோம். சாயங்காலம் வரைக்கும் யாருக்கும் நாங்கள் எதையும் எடுத்துப்போடவில்லை.

அங்கே இந்த ஒயினோடு என்ன சாப்பிடுவாய் என்று கேட்டேன். அக்கா ஜாம் பாட்டிலைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னாள்.

"வெந்த உருளைக்கிழங்குடீ. அதான் தினம். ஒவ்வொரு தடவையும் அம்மா குர்மாவை நினைச்சிக்குவேன். எனக்கு அங்க ஒயின் இருக்கு, குர்மா இல்ல. உனக்கு இங்க குர்மா இருக்கு, ஒயின் இல்ல. இன்னொரு பாட்டில் உன்கிட்ட இருக்கட்டும். அடுத்த தடவை நான் வர்றப்ப குர்மா வை, ரெண்டு பேருமா திறப்போம். அதுவரைக்கும் தொடாத."

தொடமாட்டேன் என்றேன். எனக்கு யாரும் அதுவரை எதையும் அப்படி ஒப்படைத்ததில்லை. எனக்கென்று அந்த வீட்டில் இருந்த ஒரே பொருள் அந்தப் பாட்டில்தான்.

வீட்டுக்காரர் திரும்பி வந்ததும் கிணற்றடியில் காலிப் பாட்டிலைப் பார்த்துவிட்டார். பெண்கள் இரண்டு பேர் வீட்டில் உட்கார்ந்து குடிப்பதா, அக்கம்பக்கம் என்ன சொல்லும், சர்ச்சில் தலைகாட்ட முடியுமா என்று அக்கா காதில் விழும்படி என்னிடம் கத்தினார். இவர் சம்பளம் வந்த வாரம் மொட்டை மாடியில் சிநேகிதர்களோடு என்ன செய்வார் என்று அந்தத் தெருவுக்கே தெரியும். ஞாயிறு காலை அதே கையால் சர்ச்சில் காணிக்கைத் தட்டு எடுப்பார். அதற்கெல்லாம் அக்கம்பக்கம் ஒன்றும் சொல்லாதாம். ஆனால் திறக்காத பாட்டிலைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. எடுத்துத் துண்டால் துடைத்தார், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஷோகேஸின் நடுத் தட்டில், கேடயத்துக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் பூட்டினார். பத்திரமாக இருக்கும் என்று அக்காவும் விட்டுவிட்டாள்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பாட்டிலைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். ட்யூப்லைட்டைப் போடுவார், ஜெர்மனிச் சரக்கு என்பார், நம்ம வீட்டம்மாவோட அக்கா அங்கே பெரிய உத்தியோகம் என்பார். நேரில் இருக்கும்போது கத்தினவர், இல்லாதபோது அவளைப் பெரிய உத்தியோகத்தில் வைத்தார். நான் காபித் தட்டோடு நின்றுகொண்டிருப்பேன். அது எப்படி மணக்கும் என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

நானும் விட்டுவிட்டேன். எங்கே இருந்தால் என்ன, அக்கா வரும்போது திறக்கத்தானே போகிறோம் என்று இருந்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டு டெலிபோன் பூத்திலிருந்து எப்போதாவது பேசுவேன். அவள் என்னை எப்படி இருக்கிறாய் என்று கேட்குமுன் பாட்டில் இருக்கிறதா என்று கேட்பாள். இருக்கிறது என்பேன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச்சேர்ந்தபோதும் அவளால் வர முடியவில்லை. அந்த வாரம் முழுக்க நான் பல்லாவரத்தில் ஆஸ்பத்திரியில் அம்மாவோடு இருந்தேன். கல்யாணமான பிறகு இரும்புலியூர் வீட்டை விட்டு நான் அப்படி வெளியே தங்கினது அந்த ஒரு தடவைதான். கிளம்பும்போதுகூட இவருக்காகச் சுக்கும் கிராம்பும் தட்டிப்போட்டு டீ டிகாஷன் நிறையப் போட்டு வைத்து, வேண்டும்போது பால் காய்ச்சிக் கலந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அக்கா மறுபடி வந்தது தொண்ணூறுகளின் நடுவில். முழங்கால் இரண்டும் போயிருந்தது. மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இனிமேல் இவ்வளவு தூரம் உட்கார்ந்து வர முடியாது, இதுதான் கடைசி என்று டாக்ஸியில் ஏறுமுன்பே சொல்லிவிட்டாள். இந்தத் தடவை ஒயின் எதுவும் கொண்டுவரவில்லை. பை தூக்க முடியவில்லை, நம்மிடம்தான் ஒன்று இருக்கிறதே என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை குர்மா என்று முடிவானது. சனிக்கிழமையே என் வீட்டுக்காரரிடம் சாவி கேட்டேன். லெந்து நோன்புக் காலத்தில் ஒயினா என்றார். லெந்து இவருக்கு நினைவில் இருந்ததே எனக்கு ஆச்சரியம். லெந்துவில் குர்மா சாப்பிடலாமாம், ஒயின்தான் ஆகாதாம். அப்புறம் வெயிலில் கெட்டுப்போயிருக்கும், குடித்தால் வயிற்றுக்கு ஆகாது என்றார். கெட்டிருந்தால் கொட்டிவிடுகிறோம், சாவியைக் கொடுங்கள் என்றேன். சாவியைக் காணோம் என்றார். ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும், தயிர் வாங்கி வருகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். வீட்டில் தயிர் இருந்தது.

நான் ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். பூட்டைத் தொடவில்லை. கதவின் கீல் ஸ்குரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கண்ணாடிக் கதவை அப்படியே எடுத்துச் சுவரில் சாய்த்துவைத்தேன். கைநீட்டி என் கல்யாணக் கிளாஸில் இரண்டை எடுத்தேன், கழுவினேன். பாட்டிலை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தேன். கிணறு அதற்குள் வற்றிப்போயிருந்தது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த வேலையை முதல் தடவையே செய்திருக்கலாமே என்றாள்.

சாதமும் குர்மாவும் இறக்கி வைத்து, இரண்டு தட்டு போட்டு, பாட்டிலை எடுத்தேன். மேலே சுற்றியிருந்த தங்கக் காகிதத்தைப் பிரித்தால் உள்பக்கம் கோந்து காய்ந்திருந்தது. கார்க்கைத் திருகியால் குடைந்து இழுக்க வேண்டும் என்று அக்கா கையோடு திருகி கொண்டுவந்திருந்தாள். அதற்கு வேலையே இல்லை. இரண்டு விரலால் பிடித்ததும் வந்துவிட்டது.

மூக்குக்குக் கொண்டுபோனேன். பூசணம். பூசணத்துக்கு அடியில் ஊறிப்போன டீத்தூள். அதற்கும் அடியில், மெல்லிசாக, கிராம்பும் சுக்கும். எங்கள் வீட்டு டிகாஷன். நான் போட்டது. அம்மா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த வாரத்தில் நான் போட்டுவைத்துவிட்டுப் போனது.

பாட்டிலை அக்காவிடம் நீட்டினேன். அவளும் முகர்ந்தாள். மூடி மேஜைமேல் வைத்தாள். "டீ" என்றாள், அவ்வளவுதான்.

அவர் தயிரோடு வந்தார். கழற்றி வைத்த கதவைப் பார்த்ததுமே முகம் செத்துவிட்டது. கேட்பதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்தார். நான் பல்லாவரத்தில் இருந்த வாரம் ஆறுதல் சொல்ல என்று சிநேகிதர்கள் வந்தார்களாம், ஒருத்தன் பாட்டிலைப் பார்த்துவிட்டு விடவில்லையாம், வந்தவர்களுக்கு எப்படி இல்லை என்பது என்றார். கார்க்கில் ஒரு ஸ்குரூவைத் திருகி, குறடு வைத்து இழுத்தார்களாம். வெறும் சர்பத் மாதிரி இருந்ததாம், ஒருத்தருக்கும் பிடிக்காமல் சோடா கலந்து குடித்தார்களாம். பாட்டில் எங்கேயும் போய்விடவில்லையே, அது அப்படியேதானே இருக்கிறது என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருக்கு நிஜமாகவே தைரியம் வந்தது. பாட்டில் இருந்தால் போதும் என்று மனசார நம்புகிற மனுஷர்.

எனக்கு ஒன்றுதான் கேட்கத் தோன்றியது.

"அதுக்குத் தொட்டுக்க என்ன சாப்பிட்டீங்க?"

அவருக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டேன்.

"மிக்சர்தான்," என்றார். "அப்புறம் நெத்திலிக் கருவாடு வறுத்தோம்."

எங்கிருந்து அந்த ஆத்திரம் வந்ததென்று தெரியாது. ஏமாற்றினதைவிட, டீயை ஊற்றி வைத்ததைவிட, அந்த ரோஜா வாசனைக்கு மேலே கருவாட்டைத் தின்றார்களே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் வீட்டில், என் அம்மா சாகும் நேரத்தில், என் பாட்டிலை, கருவாட்டோடு. நான் கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து சேர்த்துவைத்த எல்லாவற்றையும் சேர்த்துக் கத்தினேன். தெருவில் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். அப்புறம் கண்ணாடி கிளாஸ் ஒன்றில் அந்த டீயை விளிம்பு வரைக்கும் ஊற்றி அவர் உட்காரும் இடத்தில் வைத்தேன். பக்கத்தில் ஒரு தட்டில் மிக்சர் வைத்தேன். குர்மா உங்களுக்குக் கிடையாது என்றேன்.

அக்காவும் நானும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவருக்குப் பரிமாறாமல் நான் சாப்பிட உட்கார்ந்தது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. குர்மா நன்றாகத்தான் வந்திருந்தது. அக்கா இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள், ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். எதை நினைத்துக் குடிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவர் வெராண்டாவில் போய் நின்றுகொண்டிருந்தார்.

அக்கா ஜெர்மனிக்குத் திரும்பிப் போன பிறகு ஒரு நாள் காலை பார்த்தால் ஷோகேஸ் கதவு பழையபடி மாட்டியிருந்தது. நான் கழுவிப் பின்கட்டில் போட்டிருந்த பாட்டில் நடுத் தட்டில் நின்றது, நிறைய. தங்கக் காகிதம்கூட ஒட்டியாயிற்று. நான் அன்றைக்கே மறுபடி ஸ்குரூக்களைக் கழற்றி சாக்கடையில் போட்டேன். கதவைச் சும்மா சாத்திவைத்தேன். அந்த மாசமே அவருடைய கம்பெனிக்குப் புதிதாக வந்த அதிகாரி மனைவியோடு வீட்டுக்கு வந்தார். இவர் ட்யூப்லைட்டைப் போட்டார். ஜெர்மனிச் சரக்கு சார், எங்க வீட்டம்மாவோட அக்கா என்று ஆரம்பித்தார். நான் சமையலறையிலிருந்து வந்தேன். கதவை எடுத்துச் சாய்த்துவிட்டு பாட்டிலையும் மூன்று கிளாஸையும் எடுத்தேன்.

"டீ தான் சார்," என்று சொல்லி ஊற்றினேன்.

அதிகாரியின் மனைவி கிளாஸைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள், அப்புறம் இவரைப் பார்த்தாள். அவர்கள் போன பிறகு மானத்தை வாங்கிவிட்டாய் என்றார். இவருக்கு மானம் என்பது ஷோகேஸில் பூட்டி வைக்கிற ஒன்று. கதவில்லாமல் நின்ற அந்தத் தட்டுகளில் அதற்கப்புறம் நான் பருப்பு டப்பாக்களை வைத்தேன். கல்யாணக் கிளாஸில் தினமும் மோர் குடித்தேன், உடையட்டும் என்று.

அக்கா சொன்னபடியே திரும்ப வரவில்லை. அங்கேயே அடக்கம் செய்தார்கள், போட்டோ மட்டும் வந்தது. இப்போது வெள்ளை ஒயின் இங்கேயே கிடைக்கிறது, எதோடு எது சேரும் என்று யாரையும் கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. வாங்கவும் செய்தேன், குர்மாவும் வைத்தேன், ஊற்றி முகர்ந்தேன், அதே ரோஜாதான். குடிக்காமல் கொண்டுபோய்க் கிணற்றடியில் ஊற்றிவிட்டேன். எனக்கு வேண்டியது அவளோடு குடிக்க வேண்டிய அந்த ஒரு கிளாஸ். அதைக் கருவாட்டோடு குடித்துத் தீர்த்துவிட்டார்கள்.